உடலுக்கு ஏற்ற உடையா, உடைக்கு ஏற்ற உடலா?

ஒரே எண் குறிக்கப்பட்ட இரண்டு சட்டைகளை எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒன்று அளவாக இருக்கும். மற்றொன்று தோளில் இறுக்கும், அல்லது இடுப்பில் தொங்கும். கடைக்குப் போகும் எல்லாருக்கும் பழகிப்போன அனுபவம் இது. ஆனால் அப்படி நேரும்போது பெரும்பாலோர் சட்டையைக் குறை சொல்வதில்லை. "உடம்பு போட்டுவிட்டது" என்றோ, "என் உடல்வாகு அப்படி" என்றோ சொல்லிக்கொண்டு சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆடையில் இருக்கும் பிழையைத் தங்கள் உடலின் பிழையாக எடுத்துக்கொள்வது, குறிப்பாகப் பெண்களிடையே, நெடுநாளைய வழக்கமாகிவிட்டது.

அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டையில் உள்ள எண் எங்கிருந்து வந்தது? யாருடைய உடலை அளந்து அதை முடிவு செய்தார்கள்? யாரை அளக்காமல் விட்டார்கள்? ஆடை வடிவமைப்புப் பயிலும் மாணவர்களுக்கு இன்று இந்தக் கேள்விகள் பாடமாகவே வைக்கப்படுகின்றன. மனித உடலை முறைப்படி அளந்து ஆராயும் துறைக்கு ஆந்த்ரோபோமெட்ரி என்று பெயர். தமிழில் உடல் அளவியல் எனலாம். இதன் வரலாற்றைத் தெரிந்துகொண்டவர்கள் கடையில் ஒரு சட்டை பொருந்தாதபோது தங்களைத் தாங்களே நொந்துகொள்ள மாட்டார்கள்.

தாள் கீற்றிலிருந்து அளவு நாடா வரை

அங்குலம் குறித்த அளவு நாடா இல்லாத தையற்கடையை இன்று எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியத் தையற்காரர்களிடம் அது கிடையாது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நீண்ட தாள் கீற்று ஒன்றை வைத்திருப்பார்கள். மார்புக்கு ஒரு வெட்டு, இடைக்கு ஒரு வெட்டு, கை நீளத்துக்கு ஒரு வெட்டு என்று அந்தக் கீற்றின் ஓரத்தில் அடையாளம் செய்துகொள்வார்கள். அதில் எண் இருக்காது. ஒருவருடைய கீற்று அவருக்கு மட்டுமே உரியது. மற்றவருக்கு அதனால் பயனில்லை.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குலம் குறித்த நாடா பரவியது. பார்வைக்குச் சிறிய மாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒருவருடைய உடலை இன்னொருவருடைய உடலோடு எண்ணால் ஒப்பிட முடிந்தது. மார்பு இவ்வளவு என்றால் தோள் எவ்வளவு இருக்கும், கை எவ்வளவு நீளும் என்று தையற்காரர்கள் விகிதக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். அதே காலத்தில் பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞர் அடோல்ஃப் கெத்லே, 1835-இல் வெளியிட்ட நூலில் "சராசரி மனிதன்" என்ற கருத்தை முன்வைத்தார். பலரை அளந்து கூட்டி வகுத்தால் கிடைக்கும் நடு உருவமே ஒரு சமுதாயத்தின் மாதிரி உருவம் என்பது அவர் எண்ணம். இந்தக் கருத்து பிற்காலத்தில் ஆடைத் தொழிலையும் பற்றிக்கொண்டது.

1863-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த எபெனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், பல அளவுகளில் வெட்டப்பட்ட தாள் பேட்டர்ன்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பேட்டர்ன் என்பது துணியின் மேல் வைத்து வெட்டிக்கொள்ளும் தாள் அச்சு. அதற்கு முன் கிடைத்த அச்சுகள் ஒரே அளவில் இருந்தன. வீட்டில் தைப்பவர்தாம் அதைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ கொள்ள வேண்டும். பட்டரிக்கின் அச்சுகள் அந்தச் சிரமத்தைக் குறைத்தன.

அதே ஆண்டுகளில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. படைவீரர்களுக்குச் சீருடைகள் பெருமளவில் தேவைப்பட்டன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அளவெடுத்துத் தைக்க நேரம் ஏது? சில அளவுகளை வகுத்துக்கொண்டு மொத்தமாகத் தைத்தார்கள். முதல் உலகப் போர் முடிந்து 1919-இல் வீரர்கள் வீடு திரும்பியபோது, ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை அமெரிக்க இராணுவம் அளந்து பதிவு செய்தது. ஆகவே ஆண்களின் ஆயத்த ஆடைக்கு ஓரளவு அடிப்படை கிடைத்தது. பெண்களின் ஆடைக்கு அப்படி எதுவும் இல்லை. மார்பளவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஊகித்தே பல தொழிற்சாலைகள் தைத்தன. ஊகம் தவறும்போது பொருந்தாத ஆடைகள் கடைக்கே திரும்பி வந்தன.

15,000 பெண்கள், 59 அளவுகள்

இந்தக் குறையைப் போக்க அமெரிக்க அரசு முன்வந்தது. விவசாயத் துறையின் கீழ் இயங்கிய வீட்டுப் பொருளியல் அலுவலகத்தில் பணியாற்றிய ரூத் ஓ'பிரையன் முதலில் குழந்தைகளை அளக்கும் ஆய்வை நடத்தினார். ஏறத்தாழ 147,000 சிறுவர் சிறுமியர் அதில் அளக்கப்பட்டனர். அடுத்து 1939 ஜூலை முதல் 1940 ஜூன் வரை, வில்லியம் ஷெல்டன் என்பவருடன் சேர்ந்து பெண்களை அளக்கும் பணியை மேற்கொண்டார். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையில்லாதோருக்கு வேலை கொடுக்க அமைக்கப்பட்ட அரசுத் திட்டம் இதற்கு ஆதரவளித்தது. ஏழு மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் 14,698 பெண்கள் அளக்கப்பட்டார்கள். ஒவ்வொருவரிடமும் எடை உட்பட 59 அளவுகள் எடுக்கப்பட்டன. முடிவுகள் 1941-இல் வெளிவந்தன.

அறிவியல் முறைப்படி பெண்களின் உடலை இவ்வளவு பெரிய அளவில் அளந்து, ஆடைக்கெனவே ஆராய்ந்தது அதுவே முதல் முறை. மார்பளவு ஒன்றை மட்டும் வைத்து உடல் முழுவதையும் ஊகிக்க முடியாது என்பதை ஆய்வு எடுத்துக்காட்டியது. உயரத்தையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால் உடலின் மற்ற அளவுகளை ஓரளவு நெருக்கமாகக் கணிக்கலாம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் கடையில் போய் எடையைச் சொல்லி ஆடை வாங்கப் பெண்கள் விரும்ப மாட்டார்கள் என்பதையும் உணர்ந்தார்கள். ஆகவே அந்த வழி நடைமுறைக்கு வரவில்லை.

மாணவர்கள் இந்த ஆய்வைப் படிக்கும்போது அதன் சிறப்பை மட்டும் படிப்பதில்லை, அதன் குறையையும் சேர்த்தே படிக்கிறார்கள். அளக்க முன்வந்தவர்கள் தாமாக வந்தவர்கள். அவர்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டதால், மந்தக் காலத்தில் அந்தப் பணம் தேவைப்பட்ட ஏழைப் பெண்கள் அதிகம் வந்திருக்கலாம். அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வெள்ளையர் அல்லாத பெண்கள் வந்தபோது, மனம் நோகாதிருக்கட்டும் என்று அவர்களையும் அளந்தார்கள். ஆனால் அவர்களுடைய பதிவுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்படியும் வேறு காரணங்களாலும் விலக்கப்பட்டவை போக, 10,042 பேரின் அளவுகளே இறுதிக் கணக்குக்கு வந்தன.

வரிசையில் நின்று, உடலை அளக்கக் கொடுத்து, ஒரு தாளில் தன் எண்கள் எழுதப்படுவதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு அந்தத் தாள் ஒதுக்கி வைக்கப்பட்டது தெரிந்திருக்குமா? பிற்காலத்தில் கடையில் ஒரு ஆடை தனக்குப் பொருந்தாதபோது அவர் யாரைக் குறை சொல்லியிருப்பார்?

அரசு வகுத்த எண், அரசு கைவிட்ட எண்

தபால் வழி ஆடை விற்ற நிறுவனங்களுக்குப் பொருந்தாத ஆடை என்பது நேரடி நட்டம். பார்சல் திரும்பி வந்தால் செலவு அவர்களுடையது. ஆகவே 1940-களின் பிற்பகுதியில் அந்த நிறுவனங்களின் சங்கம் அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகத்தை அணுகியது. 1941-ஆம் ஆண்டு ஆய்வின் அளவுகளோடு, போர்க்காலத்தில் மகளிர் படையில் சேர்ந்தவர்களின் அளவுகளும் சேர்த்துப் பார்க்கப்பட்டன. 1958-இல் பெண்களின் ஆடை அளவுக்கான தர விதி வெளியானது. அதில் 8 முதல் 38 வரை எண்கள் இருந்தன. அவற்றோடு குட்டை, நடுத்தரம், நெட்டை என்று உயரத்துக்கு எழுத்துகளும், இடுப்பு பெரிதா சிறிதா என்பதற்குக் கூட்டல் கழித்தல் குறிகளும் இருந்தன.

ஒரு பெண்ணின் உடலைச் சொல்ல ஒரே எண் போதாது என்பதை அந்த விதி ஒப்புக்கொண்டது. ஆனால் உயரத்துக்கும் இடுப்புக்கும் தனித்தனியாகத் தைத்து அடுக்கினால் கடைக்காரருக்குச் சரக்கு பெருகும், செலவு கூடும். விதியைப் பின்பற்ற வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1970-இல் விதி திருத்தப்பட்டது. 1983-இல் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதன் பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குப் பிடித்த எண்ணைத் தானே ஒட்டிக்கொண்டது. சிறிய எண்ணைப் பார்த்தால் வாங்குபவரின் மனம் மகிழும் என்று கண்ட வணிகர்கள், ஆடையைப் பெரிதாக்கினாலும் எண்ணைப் பெரிதாக்காமல் விட்டார்கள். இன்று அமெரிக்காவில் 8 என்று குறிக்கப்படும் உடை, 1958-இன் 16-ஆம் எண்ணுக்கு நெருக்கமானது. அன்றைய 8-ஆம் எண்ணோ இன்று விற்கப்படும் மிகச் சிறிய அளவைவிடவும் சிறியது. ஆகவே எண் என்பது உடலைப் பற்றிய உண்மை அல்ல. அது ஒரு நிறுவனம், ஒரு காலத்தில் எடுத்த முடிவு. ஆடை வடிவமைப்பு மாணவர் கற்க வேண்டிய முதல் பாடம் இது.

சராசரி மனிதனைத் தேடி

இரண்டாவது பாடம் இன்னும் வியப்பானது. 1940-களில் அமெரிக்காவில் ராபர்ட் டிக்கின்சன் என்ற மருத்துவரும் ஏப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து, திரட்டப்பட்ட அளவுகளின் சராசரியைக் கொண்டு ஒரு பெண் சிலையை வடித்தார்கள். அதற்கு 'நோர்மா' என்று பெயர். 1945-இல் கிளீவ்லாந்து நகரில் அந்தச் சிலையின் அளவுகளோடு ஒத்திருக்கும் பெண்ணைத் தேடிப் போட்டி வைத்தார்கள். 3,864 பெண்கள் தங்கள் அளவுகளை அனுப்பினார்கள். ஒன்பது அளவுகளிலும் சிலையோடு ஒத்துப்போனவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து அளவுகளில் ஒத்துப்போனவர்களே 40 பேருக்கும் குறைவு. போட்டியை நடத்தியவர்களும் பார்த்தவர்களும் சிலையைச் சந்தேகிக்கவில்லை. பெண்கள்தாம் உடலைப் பேணவில்லை என்று பேசினார்கள். சட்டையை விட்டுத் தன் உடலைக் குறை சொல்லும் மனப்பான்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அடுத்த சில ஆண்டுகளில் ஓர் இளம் ஆய்வாளர் வேறு விதமாகச் சிந்தித்தார். ஓஹையோ மாநிலத்தில் உள்ள ரைட் பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில் பணியாற்றிய கில்பர்ட் டேனியல்ஸ், 1950-இல் அளக்கப்பட்ட 4,063 விமானப்படை வீரர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார். உடை வடிவமைப்புக்குப் பயன்படும் 10 அளவுகளைத் தேர்ந்தெடுத்தார். சராசரி என்றால் துல்லியமான ஒரே எண் என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. சற்று மேலும் கீழும் இருந்தால் அதையும் சராசரி என்றே ஏற்றுக்கொண்டார். பிறகு ஒவ்வோர் அளவாகச் சலித்தார்.

4,063 பேரில் சராசரி உயரம் உடையவர்கள் 1,055 பேர். அவர்களில் மார்பளவும் சராசரியாக இருந்தவர்கள் 302 பேர். அவர்களில் கை நீளமும் சராசரியாக இருந்தவர்கள் 143 பேர். கவட்டு உயரத்தைச் சேர்த்ததும் 73 பேர். தோளிலிருந்து கவடு வழியாகச் சுற்றி வரும் அளவைச் சேர்த்ததும் 28 பேர். இடுப்பைச் சேர்த்தால் 12 பேர். கழுத்தைச் சேர்த்தால் 6 பேர். இடையைச் சேர்த்தால் 3 பேர். தொடையைச் சேர்த்தால் 2 பேர். பத்தாவதாகக் கவட்டு நீளத்தைச் சேர்த்தபோது ஒருவரும் மிஞ்சவில்லை.

ஆயிரக்கணக்கான வீரர்களில் பத்து அளவுகளிலும் சராசரியான மனிதர் ஒருவர்கூட இல்லை! 1952-இல் டேனியல்ஸ் இதை அறிக்கையாக வெளியிட்டார். சராசரி மனிதனுக்கென்று தைத்த உடை யாருக்கும் தைக்காத உடை என்பதை அந்தப் பத்து எண்களும் சொல்லிவிட்டன. ஒருவர் உயரத்தில் நடுத்தரமாக இருப்பார், ஆனால் கை நீளமாக இருக்கும். இன்னொருவருக்குக் கழுத்து பெருத்து இடை சிறுத்திருக்கும். இவை குறைகள் அல்ல. மனித உடல் அமைந்திருக்கும் விதமே அதுதான்.

50 ஆண்டுகளில் மாறிய இடை

பிரிட்டனில் ஆயத்த ஆடைத் தொழிலுக்காக 1951-இல் சுமார் 5,000 பெண்கள் அளக்கப்பட்டார்கள். அந்த அளவுகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு தொழில் பல ஆண்டுகள் ஓடியது. பிறகு 2001-இல் 'சைஸ் யுகே' என்ற தேசிய ஆய்வு தொடங்கியது. அரசும், 17 பெரிய விற்பனை நிறுவனங்களும், லண்டன் ஃபேஷன் கல்லூரி போன்ற கல்வி நிலையங்களும் அதில் கைகோத்தன. 11,000 பேர் அளக்கப்பட்டார்கள். இம்முறை நாடாவை மட்டும் நம்பவில்லை. சிறு அறை போன்ற கருவிக்குள் ஒருவர் நின்றால் ஒளிக்கதிர்கள் சில நொடிகளில் உடலின் முப்பரிமாண உருவத்தைப் பதிவு செய்துவிடும். அதிலிருந்து 130 அளவுகளைக் கணினி எடுத்துக் கொடுக்கும்.

முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. உடலின் ஒடுங்கிய பகுதியான இடை, 1951-இல் பெண்களுக்குச் சராசரியாக 27.5 அங்குலமாக இருந்தது. இப்போது 34 அங்குலமாகியிருந்தது. மார்பும் இடுப்பும் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் மட்டுமே கூடியிருந்தன. அதாவது உடல் வெறுமனே பெருக்கவில்லை. அதன் வடிவமே மாறியிருந்தது. பழைய பேட்டர்னை எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் புதிய உடலுக்குப் பொருந்தாது. இடை இறுகும், மார்பிலும் தோளிலும் துணி தொங்கும்.

அமெரிக்காவில் 2003-இல் முடிந்த 'சைஸ் யுஎஸ்ஏ' ஆய்வு, முப்பரிமாணக் கருவி கொண்டு 10,000-க்கும் மேற்பட்டோரை அளந்தது. 1941-இல் ஒதுக்கப்பட்ட கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் இம்முறை கணக்கில் சேர்ந்தார்கள். அந்தப் பதிவுகளில் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உடல் வடிவத்தை வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகைப்படுத்தினார்கள். மார்பும் இடுப்பும் அகன்று இடை ஒடுங்கிய மணற்கடிகார வடிவம் வெறும் 8 விழுக்காட்டுப் பெண்களுக்கே இருந்தது. 46 விழுக்காட்டினருக்கு மேலும் கீழும் பெரிய வேறுபாடு இல்லாத நீள்சதுர வடிவம். ஆடைத் தொழிலோ அந்த 8 விழுக்காட்டினரின் வடிவத்தை மனத்தில் வைத்தே வெட்டி வந்தது. கடையிலிருந்து ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள்தாம் பெரும்பான்மையினர் என்பது அப்போது எண்ணால் உறுதியாயிற்று.

வகுப்பறையில் நடப்பது என்ன?

இந்த ஆய்வுகள் ஆசிரியருக்கு எப்படிப் பயன்படுகின்றன? மாணவர் முதலில் நாடாவைக் கையில் எடுக்கிறார். கழுத்தின் பின்புறம் தலையைக் குனிந்தால் துருத்தி நிற்கும் எலும்பு, தோள் எலும்பின் நுனி, மணிக்கட்டு எலும்பு ஆகியவற்றைத் தொட்டுக் கண்டுபிடிக்கக் கற்கிறார். இடை எங்கே என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் காட்டுவார்கள். ஆகவே ஒரு எலாஸ்டிக் பட்டையைக் கட்டி, அது தானாக நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரே உடலை இருவர் அளந்தால் எண்கள் வேறுபடும். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு எண், விட்டால் வேறு எண். அளவு என்பதே எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பது அப்போது விளங்கும்.

அளப்பவருக்கு ஒழுக்கமும் வேண்டும். அளக்கப்படுபவரிடம் அனுமதி கேட்க வேண்டும். எடுத்த எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. உடலைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது. நாளை தம்மிடம் வரும் வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை இங்கேதான் பதிய வேண்டும்.

அடுத்தது கணக்கு. அமெரிக்க இராணுவம் 2012-இல் முடித்த உடல் அளவு ஆய்வில் 4,082 ஆண்களும் 1,986 பெண்களும் அளக்கப்பட்டார்கள். அந்தப் பதிவுகள் பெயர் விவரமின்றி அனைவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டுள்ளன. டேனியல்ஸ் செய்த சலிப்பை ஒரு மாணவர் இன்று தம் கணினியில் ஒரு பாடவேளைக்குள் செய்து பார்த்துவிடலாம். பத்துச் சலிப்புகளில் எண்ணிக்கை எப்படிக் கரைகிறது என்று தாமே பார்த்தவர் அதை மறக்க மாட்டார். ஒரே மார்பளவு உள்ளவர்களைப் பிரித்தெடுத்து, அவர்களின் இடுப்பளவு எவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று பார்ப்பது மற்றொரு பயிற்சி. ஒரு அளவுப் பட்டியல் யாரை உள்ளே கொண்டுவருகிறது, யாரை வெளியே விடுகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

பிறகுதான் துணி. மலிவான காடாத் துணியில் மாதிரி தைத்து, உயிருள்ள மனிதர் மேல் போட்டுப் பார்க்கிறார்கள். நூலோட்டம் நேராக விழுகிறதா, பக்கத் தையல் செங்குத்தாக நிற்கிறதா, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா, மூச்சுவிடவும் உட்காரவும் போதிய தளர்வு இருக்கிறதா, துணி சுருக்கமின்றி அமர்கிறதா என்று ஐந்து விதமாகச் சோதிக்கிறார்கள். சுருக்கம் விழுந்தால் அது எங்கோ ஓர் இடத்தைச் சுட்டும். பெரும்பாலும் அங்கே துணி போதவில்லை என்று பொருள். தேறிய தையற்காரர்கள் கண்ணாலேயே படித்துவந்த இந்தச் சுருக்கங்களை, மாணவர்கள் அளவுப் பதிவோடு ஒப்பிட்டுப் படிக்கிறார்கள். கண்ணும் எண்ணும் சேர்ந்தால்தான் பொருத்தம் கைவரும்.

ஆசியாவின் கணக்கு

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அளந்த எண்கள் ஆசிய உடல்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. மலேசிய, சிங்கப்பூர்க் கடைகளில் பல நாட்டு அளவு முறைகள் ஒரே அலமாரியில் தொங்குகின்றன. ஒரு நிறுவனத்தின் நடுத்தர அளவு இன்னொன்றின் பெரிய அளவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தத் துறையில் ஆசியாவிலும் உழைப்பு நடந்து வருகிறது. டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தீப்தி குப்தாவும், மலேசியாவின் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நோர்சாடா ஸக்காரியாவும் தொகுத்த உடல் அளவியல் நூல் 2014-இல் வெளிவந்தது. இந்தியாவில் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகம் 'இந்தியா சைஸ்' என்ற ஆய்வை 2018-இல் அறிவித்தது. 15 முதல் 65 வயது வரையுள்ள சுமார் 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளந்து, இந்தியருக்கென அளவுப் பட்டியல் வகுப்பது அதன் நோக்கம்.

இங்கேயும் பழைய எச்சரிக்கை பொருந்தும். யாரை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே யாருக்குப் பொருந்தும் என்பது அமையும். இளையோரை மட்டும் அளந்தால் முதியோருக்குப் பொருந்தாது. நகரத்தாரை மட்டும் அளந்தால் தோட்டத்திலும் வயலிலும் உழைத்த உடலுக்குப் பொருந்தாது. சக்கர நாற்காலியில் நாள் முழுவதும் அமர்ந்திருப்பவருக்கு, நின்றபடி எடுத்த அளவு எப்படிப் பொருந்தும்? அமரும்போது பின்புறம் அதிகத் துணி வேண்டும். முன்புறம் குறைய வேண்டும். அதையும் யாராவது அளந்து பார்த்தால்தானே தெரியும்!

பெற்றோர் கற்க வேண்டியது

இந்த வரலாறு மாணவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களுக்கும் பயன்படும். பள்ளிச் சீருடை வாங்கப் போகும்போது, "உனக்கு எந்த அளவும் சரியாக இருப்பதில்லை" என்று பிள்ளையைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ளும் பெற்றோர் உண்டு. வளரும் வயதில் கேட்ட அந்தச் சொல் நெடுநாள் மனத்தில் தங்கிவிடும். பிள்ளைக்கு அளவு சரியில்லை என்பதும், சட்டைக்கு அளவு சரியில்லை என்பதும் ஒரே செய்தியைச் சொல்வன அல்ல. முதலாவது பிள்ளையைக் குறுக்குகிறது. இரண்டாவது உண்மையைச் சொல்கிறது. அந்தச் சட்டை வேறொரு உடலை மனத்தில் வைத்து வெட்டப்பட்டது, அவ்வளவுதான்.

ரூத் ஓ'பிரையன் காலம் முதல் இன்றைய ஒளிக்கதிர்க் கருவி வரை, அளவெடுத்த ஒவ்வோர் ஆய்வும் கூடவே ஒரு தேர்வையும் செய்திருக்கிறது. அந்தத் தேர்வில் விடுபட்டவர்கள்தாம் கடைக் கண்ணாடியின் முன் நின்று தங்களைக் குறை சொல்லிக்கொள்கிறார்கள். நாளைய ஆடை வடிவமைப்பாளர்கள் இதை உணர்ந்து தொழிலுக்கு வந்தால், விடுபட்டவர்களின் எண்ணிக்கை குறையும். அதுவரை வாங்குபவர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே. உடல் எந்த உடைக்காகவும் உண்டானதல்ல. உடைதான் உடலுக்காக உண்டானது. பொருந்தவில்லை என்றால் திருத்த வேண்டியது துணியை.